மாசப் பாஸை எடுத்துட்டு தினக் கட்டணம் வச்சா என்ன ஆகும்: சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையோட பார்க்கிங் கதை

ஆபீஸுக்கு ஆளுங்க நடந்தோ சைக்கிள்லயோ பஸ்லயோ வரணும்னு ஒரு மேனேஜ்மெண்ட் முடிவு பண்ணிட்டா முதல்ல என்ன நடக்கும்னு நமக்கு நல்லாவே தெரியும். வாசல்கிட்ட பளபளன்னு ஒரு ஸ்டீல் சைக்கிள் ஸ்டாண்டு, பேஸ்மெண்ட்ல ரெண்டு ஷவர், லிஃப்ட் பக்கத்துல படியில ஏறச் சொல்லி ஒரு ஸ்டிக்கர், ஜூன் 3 உலக சைக்கிள் தினத்துக்கு பெரிய ஆளுங்க எல்லாம் ஹெல்மெட் போட்டு ஒரு போட்டோ. மறுநாள் பேஸ்மெண்ட் பார்க்கிங் ரெண்டு தளமும் பழையபடி ஃபுல். ஸ்டாண்டுல செக்யூரிட்டி அண்ணனோட சைக்கிள் ஒண்ணு நிக்கும், அவர் அதுக்கு முன்னாடியும் அதுலதான் வந்துட்டு இருந்தார்.

நான் இங்க எடுத்துக்கிட்டது அதுக்கு நேர் எதிரான ஒரு கேஸ். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலம், சியாட்டில் நகரம், அங்க இருக்குற சியாட்டில் சில்ட்ரன்ஸ் ஹாஸ்பிட்டல். 1995ல அங்க வேலை பார்த்தவங்கள்ல 73% பேர் தனியா கார் ஓட்டிட்டு வந்தாங்க, அதாவது ஒரு கார்ல ஒரே ஆள். 2010க்கு அப்புறம் கொஞ்ச வருஷத்துல அது 38% பக்கத்துக்கு வந்துருச்சு. இத்தனைக்கும் இடையில ஆஸ்பத்திரி சுருங்கல, வளர்ந்துட்டே இருந்துச்சு. அமெரிக்கால, அதுவும் 24 மணி நேரமும் ஷிஃப்ட் ஓடுற ஒரு ஆஸ்பத்திரில, இது லேசுல நடக்குற காரியம் இல்ல.

முதல்ல இடம் எப்படின்னு பார்த்துடலாம், ஏன்னா "அவங்க ஊர்ல மெட்ரோ இருக்கு, ரோடு நல்லா இருக்கு"ன்னு சொல்லி ஒதுக்கிடுறது ரொம்ப சுலபம். இந்த ஆஸ்பத்திரி ஊருக்கு நடுவுல, டவுன்டவுன்ல இல்ல. 1907ல அன்னா ஹெர் கிளைஸ்னு ஒரு அம்மா தன்னோட அஞ்சு வயசுப் பையனை நோய்க்குப் பறிகொடுத்த துக்கத்துல தொடங்கினது, 1953ல லாரல்ஹர்ஸ்ட் பகுதிக்கு மாறுச்சு. லாரல்ஹர்ஸ்ட்னா நகரத்தோட வடகிழக்கு மூலை, வாஷிங்டன் ஏரிக்கரை, தனித்தனி வீடுங்க, வசதியான ஜனங்க, மேடும் பள்ளமுமா தெருவுங்க. முன்னாடி ஓடுற சாண்ட் பாயிண்ட் வே ரோட்டுல பஸ் வரும், ஆனா அது ஒண்ணும் சென்ட்ரல் ஸ்டேஷன் வாசல் இல்ல. 2016 மார்ச் வரைக்கும் அந்தப் பக்கம் லைட் ரெயிலே (நம்ம மெட்ரோ மாதிரி நகர ரெயில்) கிடையாது, அந்த மாசம் வாஷிங்டன் யுனிவர்சிட்டி ஸ்டேஷன் திறந்தாங்க, அதுவும் ஆஸ்பத்திரில இருந்து ரெண்டு ரெண்டரை கிலோமீட்டர் தள்ளி. மேல சொன்ன 38% அந்த ரெயில் வர்றதுக்கு முன்னாடியே நடந்தது, இதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க.

மழையைப் பத்தியும் சொல்லணும், சியாட்டில்னாலே மழைதானே. வருஷத்துக்குப் பெய்யுற அளவைப் பார்த்தா சென்னைதான் அதிகம், நமக்கு ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர், அவங்களுக்கு 950 பக்கம். ஆனா அவங்களுக்கு அது கிட்டத்தட்ட 150 நாளைக்குப் பிரிச்சு பிசுபிசுன்னு தூறும், அக்டோபர்ல ஆரம்பிச்சா மார்ச் தாண்டியும் விடாது, டிசம்பர்ல சாயங்காலம் நாலரைக்கே இருட்டிடும். சைக்கிளுக்குத் தோதான ஊர்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

நல்ல எண்ணத்துல பண்ணாங்களா?

கொஞ்சம் அதுவும் இருந்திருக்கும், குழந்தைகளுக்கு ஆஸ்துமா வைத்தியம் பார்க்குற இடம் தானே புகையைக் கூட்டக் கூடாதுன்னு. ஆனா கழுத்துல கத்தி வச்சது மூணு விஷயம்.

ஒண்ணு, சட்டம். 1991ல வாஷிங்டன் மாநிலம் ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு, நெரிசல் உள்ள கவுண்டிகள்ல (நம்ம மாவட்டம் மாதிரி) ஒரே இடத்துல 100 பேரோ அதுக்கு மேலயோ முழுநேர வேலைக்கு வச்சு, அவங்க வார நாள்ல காலைல 6ல இருந்து 9க்குள்ள வேலைக்கு வர்றாங்கன்னா, அந்த நிறுவனம் தனிக்கார் பயணத்தைக் குறைக்க ஒரு திட்டம் வச்சிருக்கணும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊழியர்கள்கிட்ட எப்படி வர்றீங்கன்னு சர்வே எடுக்கணும். இந்த சர்வே ரொம்ப முக்கியம். 1995ல 73%ன்னு இன்னைக்கு நம்மால சொல்ல முடியுறதே அப்போ எண்ணிப் பார்த்தாங்கங்கிறதாலதான். நம்ம ஊர் ஐடி பார்க் ஒண்ணுல போய் உங்க ஆளுங்கள்ல எத்தனை சதவீதம் பஸ்ல வர்றாங்கன்னு கேட்டுப் பாருங்க, கேண்டீன்ல எத்தனை தோசை போச்சுன்னு கணக்கு இருக்கும், இதுக்கு இருக்காது.

ரெண்டாவது, அக்கம்பக்கம். ஆஸ்பத்திரி விரிவாகணும், படுக்கை பத்தல. லாரல்ஹர்ஸ்ட் குடியிருப்பு சங்கம் ஒத்துக்கல, அவங்க பயத்துல பெரிய பயம் டிராஃபிக், ஏற்கனவே அந்த ரோடு சாயங்காலம் நகராது. வழக்கு, விசாரணை, பேச்சுவார்த்தைன்னு இழுத்து கடைசியா 2010ல நகர கவுன்சில் விரிவாக்கத் திட்டத்துக்கு சம்மதம் கொடுத்துச்சு, நிபந்தனையோட. தனியா கார்ல வர்றவங்க விகிதத்தைப் படிப்படியா குறைச்சு, முழு விரிவாக்கமும் முடியும்போது 30%க்குக் கொண்டு வரணும். அதாவது கட்டடம் கட்டுற உரிமையே ஊழியர் எதுல வர்றாங்கங்கிறதோட முடிச்சுப் போடப்பட்டுருச்சு. இந்த ஒரு வரி இல்லேன்னா மத்ததெல்லாம் ஒரு ஹெச்ஆர் போஸ்டரோட முடிஞ்சிருக்கும்னு நான் நினைக்கிறேன்.

மூணாவது, சுத்தமான காசுக் கணக்கு. அடுக்கு மாடி பார்க்கிங் கட்டினா அங்க ஒரு காருக்கான இடத்துக்கு மட்டும் பத்தாயிரக்கணக்குல டாலர் செலவாகும், பூமிக்கடியில தோண்டினா இன்னும் எகிறும். அந்தக் காசுல, அந்த நிலத்துல வார்டு கட்டலாம். அதோட இருக்குற இடத்துல முதல் உரிமை யாருக்கு, ராத்திரி ரெண்டு மணிக்கு ஜுரத்துல துடிக்கிற பிள்ளையைத் தூக்கிட்டு வர்ற குடும்பத்துக்கா, காலைல ஏழு மணிக்கு வர்ற கணக்குப் பிரிவு ஊழியருக்கா? கேள்வியை இப்படி வச்சுட்டா விடையைப் பத்தி யாரும் சண்டை போட முடியாது.

அசல் விஷயம்: தினமும் ஒரு விலை

இந்தக் கேஸ்ல நான் ரொம்ப நேரம் நிக்கப் போற இடம் இதுதான். அவங்க பண்ண நூறு வேலைல எதை முதல்ல எடுப்பீங்கன்னு கேட்டா நான் யோசிக்காம இதைச் சொல்வேன்: மாசாமாசம் கட்டுற பார்க்கிங் பாஸை ஒழிச்சுட்டு, வண்டி நிறுத்துற அன்னைக்கு மட்டும் காசுன்னு மாத்துனது.

கேக்க சின்ன மாத்தம் மாதிரி இருக்கும், மாசம் 200 டாலர் கட்டுறதும் நாளைக்கு 10 டாலர் வீதம் 20 நாள் கட்டுறதும் ஒண்ணுதானேன்னு. கணக்குல ஒண்ணுதான், மனசுல இல்ல. மெஸ்ல மாசத்துக்கு முன்கூட்டியே காசு கட்டினவன் வெளியில டிபன் சாப்பிட யோசிப்பான், நல்லா இல்லாட்டியும் அங்கயே போய் உக்காருவான், ஏன்னா காசு ஏற்கனவே போயிருச்சு. மாசப் பாஸ் வச்சிருக்குறவரும் அப்படித்தான், அவருக்கு ஒவ்வொரு நாளும் கார்ல வர்றது ஓசி மாதிரி, பஸ்ல வந்தாதான் கூடுதல் செலவு. அதனால வாரத்துல ரெண்டு நாள் பஸ்ல வர முடிஞ்ச ஆளும் அஞ்சு நாளும் கார்தான். தினக் கட்டணம் வந்ததும் ஒவ்வொரு காலையும் ஒரு புதுக் கேள்வி ஆயிடுது. இன்னைக்கு பொண்ணை ஸ்கூல்ல விடணும், சரி கார். நாளைக்கு ஒண்ணும் இல்ல, அப்ப எதுக்கு 10 டாலர் தண்டம், பஸ்ல போயிடலாம்.

அதுக்கு மேல இவங்க இன்னொரு வேலை பண்ணாங்க. கார்ல தனியா வராத ஒவ்வொரு நாளைக்கும் சம்பளத்தோட போனஸ், ஒரு கட்டத்துல அது நாளைக்கு 4 டாலர். நடந்து வந்தாலும் சரி, சைக்கிள், பஸ், கார்பூல் எதுல வந்தாலும் சரி, அன்னைக்கு எப்படி வந்தோம்னு ஆன்லைன் காலண்டர்ல பதிஞ்சா போதும். பார்க்கிங் கட்டணமும் ஒரே தட்டா இல்ல, எல்லாரும் ஒண்ணா வந்து மோதுற காலை நேரத்துல நுழைஞ்சா அதிகம், மத்த நேரம் கம்மி. இப்ப ஒரு நர்ஸை எடுத்துக்கோங்க, உதாரணத்துக்குப் பார்க்கிங் 10 டாலர்னே வச்சுக்கலாம். கார் எடுத்தா 10 போகுது, எடுக்கலேன்னா 4 வருது, மொத்த வித்தியாசம் 14 டாலர், அதுவும் மாசக் கடைசில எங்கயோ ஒரு ஸ்டேட்மெண்ட்ல புதைஞ்சு இல்ல, கார் சாவியைக் கையில எடுக்குற அந்த நிமிஷத்துல. பெட்ரோல் கணக்கு தனி.

கவனிங்க, இதுல யாரையும் "காரை வித்துடு"ன்னு சொல்லல, "இனிமே நீ சைக்கிள் ஆளு"ன்னு யாரும் சத்தியம் வாங்கல. பாதிப் பேர் பாதி நாள் மாறினாலே சதவீதம் சரசரன்னு இறங்கும். நம்ம ஊர் பிரச்சாரங்கள் எல்லாம் ஆளை மாத்தப் பாக்குது, இவங்க ஒவ்வொரு நாளோட முடிவை மாத்தினாங்க.

இது ஒரு ஆஸ்பத்திரியோட அதிர்ஷ்டம் இல்லங்கிறதுக்கு வேற ஊரும் சாட்சி இருக்கு. பாஸ்டன் பக்கத்துல எம்ஐடி பல்கலைக்கழகம் 2016ல இதையே பண்ணாங்க, ஊழியர்களுக்கு இருந்த வருஷ பார்க்கிங் பெர்மிட்டை எடுத்துட்டு நாளைக்கு 10 டாலர்னு மாத்தினாங்க, கூடவே ஐடி கார்டுலயே சப்வே, லோக்கல் பஸ் இலவசம். அதுக்கும் ரொம்ப முன்னாடி கலிபோர்னியால டொனால்ட் ஷூப்னு யுசிஎல்ஏ பேராசிரியர், 2025 பிப்ரவரில காலமானார், பார்க்கிங்கை ஓசியா கொடுக்குறதுதான் நகரத்தோட பெரிய வியாதின்னு வாழ்க்கை முழுக்கச் சொல்லிட்டு இருந்த மனுஷன். 1992ல கலிபோர்னியா ஒரு சட்டம் போட்டுச்சு, ஊழியருக்கு வாடகை பார்க்கிங் இடம் ஓசியா எடுத்துக் கொடுக்குற நிறுவனம், வேணாம்னு சொல்றவருக்கு அந்த மதிப்பைக் காசா கொடுக்கணும்னு. ஷூப் அப்படிக் கொடுத்த எட்டு நிறுவனங்களை ஆராய்ஞ்சு 1997ல வெளியிட்டார், தனியா கார்ல வந்தவங்க 76%ல இருந்து 63% ஆயிட்டாங்க. சைக்கிள் ஸ்டாண்டு கிடையாது, ஷவர் கிடையாது, புதுசா ஒரு செங்கல் கூட வைக்கல, வெறும் காசை வேற கையில கொடுத்ததோட சரி.

அப்ப கட்டடத்துக்கு வேலையே இல்லையா?

இருக்கு, நிறைய இருக்கு, ஆனா அது ரெண்டாவது படி. காசு ஒருத்தரை ஒரு நாள் சைக்கிள்ல வர வைக்கும், மறுநாளும் வர வைக்கிறது கட்டடம்தான். முதல் நாளே ஈரத் துணியைக் காயப் போட இடம் இல்லாம நாள் பூரா நாத்தத்தோட உக்காந்தா அந்த ஆள் திரும்பி வர மாட்டார்.

சில்ட்ரன்ஸ்ல இதை எப்படி யோசிச்சிருக்காங்கன்னு பாருங்க. பூட்டுன கூண்டுக்குள்ள சைக்கிள் நிறுத்த இடம், ஷவர், லாக்கர் எல்லாம் உண்டு, அது எல்லா நல்ல ஆபீஸ்லயும் இருக்குறதுதான். அவங்ககிட்ட இருந்த அசாதாரணமான விஷயம் வளாகத்துக்குள்ளயே ஆள் உக்காந்திருக்குற ஒரு சைக்கிள் சர்வீஸ் சென்டர். காலைல வரும்போது செயின் கரகரன்னு சத்தம் போடுது, பிரேக் பிடிக்கல, விட்டுட்டு வார்டுக்குப் போயிடலாம், ஷிஃப்ட் முடிஞ்சு எடுத்துக்கலாம். சைக்கிள் ஓட்டுறவங்களுக்குத் தெரியும், நாம நிறுத்துறது பெரும்பாலும் சோம்பேறித்தனத்தால இல்ல, பஞ்சர் ஆச்சு, கடைக்கு எடுத்துட்டுப் போக நேரமில்ல, ஒரு வாரம் ஓரமா நின்னுச்சு, அப்படியே மாசக்கணக்கா தூசி படிஞ்சு நிக்குது. அந்த ஒரு வார இடைவெளியை அடைக்கத்தான் அந்த மெக்கானிக்.

இன்னொண்ணு இலவச சைக்கிள். வாரத்துக்குக் குறைஞ்சது ரெண்டு நாள் சைக்கிள்ல வரேன்னு ஒத்துக்கிட்டா ஆஸ்பத்திரியே ஒரு சைக்கிள் கொடுத்துச்சு. கேக்கும்போது ஊதாரித்தனமா தெரியும், ஒரு கார் நிறுத்துற இடத்தோட விலையைப் பக்கத்துல வச்சுப் பாருங்க, அந்தக் காசுல எத்தனை சைக்கிள் வாங்கலாம்னு.

வேலைக்குப் புதுசா சேரும்போதே பயணத் திட்டம் போட்டுக் கொடுக்குற ஏற்பாடும் உண்டு, உங்க வீடு எங்க, எந்த பஸ், எங்க மாறணும்னு உக்காந்து பேசுவாங்க. இது ரொம்ப புத்திசாலித்தனமான நேரம், ஏன்னா புது வேலைல முதல் வாரம் எப்படி வர்றோமோ அதுவே பழக்கமாயிடும், ரெண்டு வருஷம் கார்ல வந்தவரை மாத்துறதைவிட இன்னும் பழக்கமே ஆகாதவரைப் பிடிக்கிறது லேசு.

கேட்டுக்கு வெளிய

ஆபீஸ் டிசைன்னு பேசும்போது நாம எல்லாரும் காம்பவுண்டு சுவரோட நிறுத்திடுறோம். ஊழியர் சிரமப்படுறது சுவருக்கு வெளிய. ஆஸ்பத்திரிக்கு மேற்கால பர்க்-கில்மன் டிரெயில் ஓடுது, 1880கள்ல போட்ட பழைய ரெயில் பாதை, ரெயில் நின்னப்புறம் தண்டவாளத்தை எடுத்துட்டு 1978ல நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் திறந்து விட்டாங்க. ரெயில் போன பாதைங்கிறதால மேடு கம்மி, மேடு பள்ளமான சியாட்டில்ல இது வரப்பிரசாதம். ஆனா டிரெயில்ல இருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வர நடுவுல சாண்ட் பாயிண்ட் வேயைத் தாண்டணும், அந்தக் கடைசி சில நூறு மீட்டர்தான் தொல்லை. ஆஸ்பத்திரி தன் கைக்காசுல அந்த இணைப்பைச் சரி பண்ணுச்சு, சுத்துப்பட்டுத் தெருக்கள்ல நடக்கவும் சைக்கிளுக்கும் வசதி செய்ய 20 லட்சம் டாலர் அளவுக்கு ஒதுக்குச்சு, பக்கத்துல 39வது அவென்யூ தெருவை கார் மெதுவா போற அமைதியான சைக்கிள் பாதையா மாத்துன வேலைக்கும் அந்தப் பணம் உதவுச்சு. தனக்குச் சொந்தமே இல்லாத ரோட்டுக்கு ஒரு ஆஸ்பத்திரி எதுக்குக் காசு போடணும்? கவுன்சில் நிபந்தனை ஒரு காரணம், அது இல்லேன்னாலும் கணக்கு சரியாத்தான் வருது, சுவருக்குள்ள பெருசா செலவு பண்ணி அடுக்கு பார்க்கிங் கட்டுறதுக்கு இது எவ்வளவோ மேல்.

பஸ்ல வர்றவங்களுக்கு ஆர்கா கார்டு, அந்த வட்டாரத்துல பஸ், ரெயில் எல்லாத்துக்கும் ஒரே கார்டு, 2009ல வந்தது. அதோட ஆஸ்பத்திரியோட சொந்த ஷட்டில் பஸ்ஸுங்க முக்கியமான பஸ், ரெயில் நிறுத்தங்களுக்கு ஓடும். தூரத்துல குடியிருக்குறவங்களுக்கு கிங் கவுண்டி மெட்ரோவோட வேன்பூல், அரசு போக்குவரத்துக் கழகமே வேனைக் கொடுக்கும், போறவங்கள்ல ஒருத்தரே ஓட்டுவார், ஷேர் ஆட்டோவுக்கும் கம்பெனி வேனுக்கும் நடுவுல ஒரு ஏற்பாடு.

அப்புறம் அவசரத்துக்கு வீட்டுக்குப் போக இலவச டாக்ஸி. காலைல பஸ்ல வந்துட்டீங்க, மதியம் ஸ்கூல்ல இருந்து போன் வருது பையனுக்கு வாந்தின்னு, டாக்ஸி செலவு நிறுவனத்தோடது. இந்த மாதிரி திட்டம் வச்ச இடங்கள்ல எல்லாம் பொதுவா பாத்தது, ஜனங்க இதை ரொம்ப அரிதாத்தான் பயன்படுத்துறாங்க, செலவு ஒண்ணும் ஆகாது. ஆனா அது இருக்குங்கிற தைரியத்துலதான் பஸ் ஏறுறாங்க. குழந்தை வச்சிருக்குற பொம்பளைங்ககிட்ட ஏன் கார்லயே வர்றீங்கன்னு கேட்டுப் பாருங்க, முதல் பதில் இந்த மதியப் போன் தான்.

யாருக்கு இது சரியா வரல

இங்க கொஞ்சம் உரிச்சுப் பாக்கணும், இல்லேன்னா இது விளம்பரம் ஆயிடும். ஆஸ்பத்திரில ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு இறங்குறவருக்கும் விடியக்காலைல ஏறுறவருக்கும் பஸ் அடிக்கடி கிடையாது. பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு ரெண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போன்னு யாரையும் சொல்ல முடியாது. சியாட்டில்ல வீட்டு வாடகை ஏறுன ஏத்தத்துல கம்மி சம்பளக்காரங்க தெற்கயும் வடக்கயும் ரொம்ப தூரம் தள்ளிப் போயிட்டாங்க, தினக் கட்டணம் ஏறுனா அவங்களுக்குத்தான் வலி ஜாஸ்தி, டாக்டருக்கு 10 டாலர் ஒரு காபி கணக்கு. அதனால தான் நேரத்தைப் பொறுத்து விலை வச்சதும், பஸ் கிடைக்காத நேரத்துல வர்றவங்களுக்குக் கம்மியா அமைஞ்சதும், வேன்பூலும் முக்கியமாகுது. இது பாதி நிவாரணம்தான், முழுசு இல்ல. விலையை மட்டும் ஏத்தி மத்ததைச் செய்யாத ஒரு கம்பெனி இதே திட்டத்தை வச்சு அடிமட்ட ஊழியரைப் பிழிஞ்சுட முடியும், அது நடக்கக்கூடியது தான்.

இன்னொரு விஷயம், எல்லாப் பெருமையும் ஆஸ்பத்திரிக்குன்னு எழுதிடக் கூடாது. ஊரே அந்தத் திசைல போய்ட்டு இருந்துச்சு. பக்கத்துலயே வாஷிங்டன் யுனிவர்சிட்டி 1991லயே மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் யூ-பாஸ்னு சலுகை பஸ் பாஸ் தொடங்கிட்டாங்க. சியாட்டில் டவுன்டவுன் பகுதிக்கு காலைல வேலைக்கு வர்றவங்கள்ல தனிக்கார் 2010ல 35%, 2017ல 25%, அதே காலத்துல அங்க சுமார் 60,000 வேலைங்க புதுசா வந்துச்சு. பஸ்ஸுக்காக ஓட்டுப் போட்டு வரியை ஏத்திக்கிட்ட ஊர் அது, 2014ல அப்படி ஒரு வாக்கெடுப்பு ஜெயிச்சுச்சு. பஸ்ஸே வராத ரோட்டுல ஒரு நிறுவனம் மட்டும் தலைகீழா நின்னாலும் 73, 38 ஆகாது. ஆனா லாரல்ஹர்ஸ்ட் டவுன்டவுனும் இல்ல, அதனால ஊர் மட்டுமே பண்ணுச்சுன்னும் சொல்லிட முடியாது.

அமெரிக்க வரிச் சட்டத்தோட கோமாளித்தனம் ஒண்ணையும் சொல்லிட்டுப் போறேன். நிறுவனம் ஊழியருக்கு ஓசி பார்க்கிங் கொடுத்தா 2025 கணக்குப்படி மாசம் 325 டாலர் மதிப்பு வரைக்கும் ஊழியருக்கு வருமான வரி கிடையாது. சைக்கிள்ல வர்றவருக்கு மாசம் 20 டாலர் வரியில்லாம கொடுக்கலாம்னு ஒரு குட்டிச் சலுகை இருந்துச்சு, அதையும் 2017 வரிச் சட்டம் 2018ல இருந்து நிறுத்திருச்சு. இந்த ஆஸ்பத்திரி கொடுத்த மாதிரி ரொக்க போனஸ் சம்பளமாத்தான் கணக்கு, வரி உண்டு. ஆக அரசாங்கம் காரை உள்ள தள்ளுது, ஆஸ்பத்திரி சொந்தக் காசுல வெளிய தள்ளுது.

நம்ம பக்கம் இதுல என்ன இருக்கு

சியாட்டில் கதையை அப்படியே தூக்கிட்டு வந்து ஓஎம்ஆர்ல நட முடியாது, நமக்குப் பிரச்சினையே வேற. அவங்களுக்கு ஆளுங்களைக் கார்ல இருந்து இறக்கணும், நம்ம ஊழியர்கள்ல பாதிப் பேர் இன்னும் கார்ல ஏறவே இல்ல, பஸ், கம்பெனி பஸ், பைக், நடைன்னு வர்றாங்க, அவங்களை ஏற விடாம வச்சுக்கிட்டாலே பெரிய வெற்றி. ஆனா நம்ம கட்டடங்கள் செய்யுறது நேர் எதிர். 2019ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளே ஆபீஸ் பரப்பளவுக்குக் குறைஞ்சது இத்தனை கார் இடம் விட்டாகணும்னு கேக்குது. கட்டின இடத்தை ஓசியா கொடுக்குறாங்க, யாருக்கு, கார் வச்சிருக்குறவருக்கு. மாச வாடகைல அந்த இடத்தோட விலை கம்பெனிக்குத் தெரியும், பஸ்ல வர்ற ஜூனியருக்கு அதுல ஒரு ரூபா கிடையாது. நான் வேலை பார்த்த ஒரு இடத்துல சைக்கிள் ஸ்டாண்டு ஜெனரேட்டருக்குப் பின்னாடி, நடந்து வர்றவங்க கார் நுழையுற சரிவுலயே ஓரமா ஒதுங்கி ஏறணும், பையைத் திறந்து காட்டணும், கார்ல வர்றவருக்கு ஸ்டிக்கரைப் பாத்ததும் கேட் தானா தூக்கிடும். இதுக்கெல்லாம் லட்சக்கணக்குல செலவு வேண்டாம், மெயின் ரோட்டுல பஸ் ஸ்டாப் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் காம்பவுண்டுல ஒரு சின்ன கேட்டைத் திறந்து விட்டா மத்தியான வெயில்ல அரை கிலோமீட்டர் சுத்து மிச்சம். செக்யூரிட்டி ஆள் ஒருத்தர் கூடுதலா வேணும்னு கட்டடத்தைப் பாத்துக்குற ஃபெசிலிட்டீஸ் ஆளுங்க சொல்வாங்க, ஆமா வேணும், அந்தச் சம்பளத்தைப் பேஸ்மெண்ட்ல கார் இடங்களுக்கு மாசாமாசம் கொடுக்குற வாடகையோட வச்சுப் பாக்கட்டும்.

போனஸை மட்டும் முதல்ல தொடங்கலாமே, பார்க்கிங்குக்குக் காசு கேட்டா பெரிய தலைங்க எல்லாம் குதிப்பாங்களேன்னு கேக்கலாம். ஷூப் பாத்த எட்டு இடத்துல நடந்ததும் அதுதான், பார்க்கிங்கை யார்கிட்டயும் பிடுங்கல, வேணாம்னவருக்குக் காசு கொடுத்தாங்க, அதுலயே 13 பாயிண்ட் இறங்குச்சு. குடியிருப்பு பின்கோடு ஹெச்ஆர்கிட்ட ஏற்கனவே இருக்கு, அஞ்சு கிலோமீட்டருக்குள்ள எத்தனை பேர், நேரடி பஸ் ரூட்டுல எத்தனை பேர்னு ஒரு சாயங்காலத்துல எடுத்துடலாம், லீஸ் பேப்பர்ல ஒரு கார் இடத்துக்கு மாசம் எவ்வளவு கொடுக்குறோம்னு பாத்துடலாம். அதுல பாதியை, இடத்தைத் திருப்பிக் கொடுக்குறவருக்குக் கொடுக்கலாம். ரெண்டு பேர் வந்தாலும் போதும், அந்த ரெண்டு இடத்தை அடுத்த லீஸ்ல குறைச்சு எழுதச் சொல்லுங்க.